பூட்டைக் கழற்றிய புதுமை

தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறியால் 1985க்கும் 1987க்கும் இடையில் வட அமெரிக்காவில் ஆறு நோயாளர் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் மாண்டனர். இதனை ஆராய்ந்து நான்சி லெவ்சனும் கிளார்க் டேர்னரும் 1993இல் வெளியிட்ட கட்டுரை, பழியை ஒரு நிரற்பிழையின் தலையிற் சுமத்தி ஓயவில்லை. முந்திய தெராக்-20இலும் அதே பிழை இருந்ததை அது காட்டுகிறது. அங்கே தனிப் பாதுகாப்புப் பூட்டுக்கள் உயிரைக் காத்தன. புதிய பொறியில் அவற்றை அகற்றி, காவலை மென்பொருளிடம் ஒப்படைத்தனர். இதுவோ புதுமை? இலாபவெறி என்றெழுத எமது பேனா துடிக்கிறது. ஆயின், அதனை ஆக்கிய நிறுவனம் கனடிய அரசுக்குச் சொந்தமானது! முற்போக்காளராகிய நாம் இவ்வரியை விரைந்து கடத்தல் ஆகாது.

மிகையளவு நேரவே முடியாதென நிறுவனம் மருத்துவமனைகளுக்குச் சாதித்தது. டெக்சாஸின் டைலர் நகரிலோ, பொறியை இயக்கிய பெண்ணும் மருத்துவமனைப் பௌதிகவியலாளரும் மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்து, திருத்தங்களை விரைந்து தட்டினாற் பிழை தோன்றுமென 1986இல் கண்டனர். எமது மாணவருக்கு வாசித்துக்காட்ட வேண்டிய பக்கங்கள் இவையே.