கத்தரியில் தெரியாத கூட்டம்

சில வருஷங்களுக்கு முன்பு வெளிவந்த என் நாவல் ஒன்றில் ஒரு நட்சத்திரப் பிழை இருக்கிறது. மதிப்புரை எழுதியவர்கள் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வேறு குற்றங்கள் பல சொன்னார்கள். அவற்றில் சில நியாயமானவையும்கூட. இந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் கந்தர்வக்கோட்டையில் இருந்த என் பெரியப்பா. அவர் தம் ஆயுளில் படித்த நாவல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதுவும் நான் எழுதியது என்பதற்காக.

கதை இதுதான். கத்தரி வெயில் கொளுத்திய ஒரு நாளில் கதாநாயகி புருஷனோடு சண்டை போடுகிறாள். தூக்கம் வராமல் நடுநிசியில் திண்ணைக்கு வருகிறாள். உச்சியில் கார்த்திகைக் கூட்டம் மின்னுகிறது. ஆறு பெண்கள் அங்கே ஒன்றாக இருக்கிறார்கள், தான் மட்டும் தனி என்று நினைத்துக்கொள்கிறாள். அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பெரியப்பா புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, கத்தரியிலே கார்த்திகைக் கூட்டத்தை எங்கே பார்த்தே?"

"கதைதானே, பெரியப்பா" என்றேன்.

"கதைன்னா? சண்டை நெசமா இருக்கு. வெயில் நெசமா இருக்கு. வானம் மட்டும் பொய்யா இருக்கலாமா?"

விடியுமுன் கமலை ஓட்டப் போனவர் அவர். வானத்தைப் பார்த்தே மணி சொல்லுவார். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அக்கினி நட்சத்திரம் என்று நாம் சொல்லும் காலம், சித்திரைக் கடைசியும் வைகாசி முன்பாதியும். சூரியன் கார்த்திகையை ஒட்டி வருகிற நாட்கள் அவை. அக்கினிக்குரிய நட்சத்திரம் என்று பெயர் பெற்றதும் அந்தக் கார்த்திகைதான். அதாவது, கூட்டம் சூரியனோடு எழுந்து சூரியனோடு மறைகிறது. ராத்திரி முழுக்கத் தேடினாலும் அகப்படாது. ஆனி மாதத்தில்தான் மறுபடி விடியற்காலைக் கிழக்கில் தலைகாட்டும். வருஷாவருஷம் அக்கினி நட்சத்திரத்தில் வெந்தவன் நான். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இது என் ஒருவனுடைய அசட்டை மட்டுமல்ல. நம் கதைகளில் வரும் நட்சத்திரங்களைச் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் அவை 'கண் சிமிட்டுகின்றன'; வேறு வேலை இல்லை. எந்த மாதம், எந்த நேரம், எந்தத் திசை என்ற கவலை நமக்குக் கிடையாது. நட்சத்திரப் பெயர்கள் நமக்குப் பஞ்சாங்கத்திலிருந்தும் ஜாதகத்திலிருந்தும் கிடைக்கின்றன, கண்ணிலிருந்து கிடைப்பதில்லை.

அகநானூற்று 141-ஆம் பாட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நக்கீரர் பாடியது. முழுமதி அறுமீனைச் சேரும் நடு இரவில் தெருவில் விளக்கேற்றும் விழா அதில் வருகிறது. சரியா என்று பரிசோதிக்கலாம். முழுமதி என்றால் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கிறது. அப்படி நிற்கும் சந்திரன் அறுமீனோடு சேர்ந்திருந்தால், மாதம் கார்த்திகையாகத்தான் இருக்க வேண்டும். நடு இரவில் இரண்டும் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்திருக்க வேண்டும். மதி, மீன், மாதம், நேரம் நான்கும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. உரைக்காரர் 'அறுமீன்: கார்த்திகை' என்று எழுதியதும் நாம் மேலே போய்விடுகிறோம். அர்த்தம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். தெரிந்தது பெயர் மாத்திரம்.

அடுத்த தைப் பொங்கலுக்குப் போனபோது, இரவு எட்டு மணி சுமாருக்குப் பெரியப்பா என்னை முந்திரிக்காட்டு ஓரத்துக்கு அழைத்துப் போனார். கூட்டம் உச்சிக்கு அருகில் இருந்தது. நான்குதான் தெரிந்தன. "முறைச்சுப் பார்க்காதே. கொஞ்சம் ஓரமாப் பாரு" என்றார். ஆறு தெரிந்தன. மங்கிய ஒளியை வாங்குவதில் கண்ணின் நடுவைவிட ஓரம் கெட்டிக்காரத்தனம் உடையது என்று பிறகு படித்தேன். இரவல் வாங்கிப் போயிருந்த பைனாகுலரில் பார்த்தால் முப்பது நாற்பதுக்கு மேல் எண்ண முடியாமல் குழம்பிப்போனேன். பெரியப்பாவும் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

1610-இல் கலிலியோ வெளியிட்ட சிறு நூலிலும் இதே அநுபவம் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு ஆறுதான் என்று அவரும் சொல்லி, தொலைநோக்கியில் அவற்றைச் சுற்றி முப்பதுக்கு மேல் கண்டு படம் போட்டார். 1767-இல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வேறொரு கேள்வி கேட்டார்: இத்தனை நட்சத்திரங்கள் தற்செயலாக இப்படி நெருங்கித் தெரியுமா? ஏறத்தாழ ஐந்து லட்சத்தில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்று கணக்கிட்டார். ஆகவே உண்மையிலேயே அது ஒரு குடும்பம் என்றார். அவர் சொன்னது சரி. ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள், ஒரே வாயு மேகத்தில் பிறந்தவை, சுமார் பத்துக் கோடி வருஷ வயது, 440 ஒளியாண்டு தூரம். நாம் இன்று பார்ப்பது கலிலியோ தொலைநோக்கியை எடுப்பதற்கு முன்பே புறப்பட்ட வெளிச்சம்.

ஆனால் கண்ணை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். பக்கத்திலேயே ரோகிணி, சிவப்பாக, சகடம் போன்ற ஒரு கூட்டத்தின் நடுவே தலைவிபோல் நிற்கிறது. அந்தக் கூட்டம் 150 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது, ரோகிணியோ 65-தான். வழியில் நிற்கும் அந்நியம் அது. பார்க்காமல் எழுதுவது ஒரு பிழை. பார்த்ததோடு நின்றுவிடுவது இன்னொரு பிழை. இலக்கியத்தில் கூட்டம் பிரிக்கும் விமர்சகர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

நாவல் இரண்டாம் பதிப்புக்குப் போனபோது திருத்த வேண்டியிருந்தது. கார்த்திகையை அடித்துவிட்டுச் சுவாதி என்று போட்டால் தீர்ந்தது. வைகாசி நடுநிசியில் அது உயரத்தில்தான் இருக்கும், கணக்குச் சரி. ஆனால் அதுவும் மேஜையில் உட்கார்ந்து எழுதிய நட்சத்திரமாகத்தானே இருக்கும்? பதிப்பாளரிடம் இரண்டு மாதம் தவணை கேட்டுக்கொண்டு, கத்தரியில் கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். அதற்குள் பெரியப்பா காலமாகிவிட்டார். அவர் வீட்டுத் திண்ணையில் நடுநிசியில் உட்கார்ந்து பார்த்தேன். சுவாதி உச்சியிலிருந்து சற்று மேற்கே சாய்ந்திருந்தது, தனியாக. நான் தேடிய கூட்டம் வானத்தில் எங்கும் இல்லை.

புதுப் பதிப்பில் அவள் திண்ணைக்கு வருகிறாள், கூட்டத்தைத் தேடுகிறாள், காணவில்லை. அவ்வளவுதான் எழுதினேன். தான் தனி என்று அவள் நினைப்பதாக எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.