செருகி ஒன்று, பேச்சு இரண்டு

உங்கள் வீட்டுப் பரணிலோ அலுவலகக் கிடங்கிலோ பழைய கணிப்பொறியின் விசைப் பலகை ஒன்று கிடக்குமானால், அதன் கம்பியின் நுனியை எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் வட்டமான செருகி. உள்ளே அரைவட்டமாக ஐந்து ஊசிகள். இந்த ஐந்து ஊசிகளின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பட்டுச் சேலைக்கு பார்டர் டிசைன் போடுபவர். (ஊரின் பெயரில் பருத்தி, பிழைப்பு பட்டில். இந்த வேடிக்கையை வெளியூரார்தாம் கவனிக்கிறார்கள்.) ஜக்கார்டு அட்டைக்கு வேண்டிய கட்டங்களை அவர் ஒரு காலத்தில் 286 வகைக் கணிப்பொறி ஒன்றில் நிரப்பிச் சேமித்து வைத்தார். அந்தக் கோப்புகளைத் திறக்கும் நிரல் இன்று அந்தப் பொறி ஒன்றில்தான் ஓடுகிறது. சென்ற ஆண்டு அதன் விசைப் பலகை செத்துப் போயிற்று. சென்னையில் ஒரு கடையில் அதே ஐந்து ஊசிச் செருகியுள்ள பழைய பலகை ஒன்றை வாங்கி வந்து செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது. திரையில் வந்த செய்தி: விசைப் பலகையில் பிழை, தொடர எஃப்1 விசையை அழுத்துக! பலகையே வேலை செய்யாதபோது எந்த எஃப்1 விசையை அழுத்துவது? "தம்பி, இது என்னைக் கேலி பண்ணுதா?" என்று கேட்டார்.

கேலி அல்ல. ஆனால் பிழை அவருடையதும் அல்ல. அது எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம்.

விசைப் பலகை எழுத்தை அனுப்புவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அது எழுத்தை அறியாது. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பதை மட்டும் ஓர் எண்ணாகச் சொல்லும். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் 'பர்சனல் கம்ப்யூட்ட'ரோடு தந்த 83 விசைப் பலகையில், ஆங்கில 'ஏ' இருக்கும் இடத்துக்கு எண் 30. விரலை எடுத்தால் 30உடன் 128 கூட்டி 158 என்று அனுப்பும். பேச்சு ஒருவழிப் பாதைதான். பலகை சொல்லும், கணிப்பொறி கேட்கும். பலகைக்குத் திருப்பிச் செய்தி சொல்ல வழி இல்லாததால் 'கேப்ஸ் லாக்' விளக்குகூட அதில் இல்லை. இதுவே 'எக்ஸ்.டி.' வகை.

1984இல் 'ஏ.டி.' என்ற அடுத்த பொறி வந்தது. பேச்சு இருவழியாயிற்று, விளக்குகள் வந்தன. ஒவ்வொரு செய்தியும் 11 துடிப்புகள்: தொடக்கத்துக்கு ஒன்று, எண்ணுக்கு எட்டு, பிழை காண ஒன்று, முடிவுக்கு ஒன்று. எண்களும் மாறின. அதே 'ஏ' இப்போது 28. விரலை எடுத்தால் முதலில் 240, பிறகு 28. பழைய நிரல்கள் குழம்பாதிருக்கக் கணிப்பொறியின் உள்ளே ஒரு சிறு சில்லு அமர்ந்து, புதிய எண்களைப் பழைய எண்களாக மொழிபெயர்த்துத் தந்தது. மெச்சத்தக்க ஏற்பாடு.

இவ்வளவையும் மாற்றியவர்கள் செருகியை மட்டும் மாற்றவில்லை! அதே ஐந்து ஊசிகள்; கடிகாரத் துடிப்பு, செய்தி, மின்சாரம் எல்லாம் அதே ஊசிகளில். மின்னழுத்தமும் அதே 5 வோல்ட் என்பதால் எதுவும் கருகுவதில்லை என்பது ஒன்றே ஆறுதல். பிறகு 1987இல் 'பி.எஸ்/2' வந்தபோது இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள்: பேச்சு பழைய ஏ.டி. பேச்சேதான், செருகி மட்டும் ஆறு ஊசியுள்ள சிறிய வட்டமாயிற்று. போதாக்குறைக்குச் சுட்டிக்கும் அதே வடிவச் செருகி. இரண்டையும் பிரித்தறிய ஊதா, பச்சை என்று வண்ணம் பூசும் வழக்கம் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. பேச்சு வேறானால் செருகி வேறாக வேண்டும். பேச்சு ஒன்றானால் செருகியும் ஒன்றாக இருக்கலாம். மின் பொருத்துநர் எவரும் அறிந்த இந்த விதியை அவர்கள் இருமுறையும் தலைகீழாகக் கையாண்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

வேறு நிறுவனங்கள் இந்தக் குழப்பத்துக்குத் தம்மளவில் ஒரு வழி கண்டன. பலகையின் அடிப்புறத்தில் எக்ஸ், ஏ என்று இரண்டு நிலையுள்ள சிறு நழுவுசாவி வைத்தன. பெரியவரின் பலகையைக் கவிழ்த்துத் தூசி தட்டியபோது, உரிந்த ஒட்டுத்தாளின் கீழ் அந்தச் சாவி இருந்தது. பேனா முனையால் 'ஏ' பக்கம் தள்ளினோம். பொறி விழித்துக்கொண்டது. (பொறியை அணைத்துவிட்டே செருக வேண்டும். மின்சாரம் ஓடும்போது பிடுங்கிச் செருகினால் உள்பலகையின் உருகி போய்விடக்கூடும்.)

குறை சொன்ன வாயால் நிறையையும் சொல்ல வேண்டும். 1981ஆம் ஆண்டுப் பலகையில் விசை அமைப்பு மோசம்; 'இசட்'டுக்கும் இடது 'ஷிப்ட்'டுக்கும் நடுவில் வேறொரு விசையைத் திணித்திருந்தார்கள். ஆனால் விசையின் அடியில் நடப்பது அழகிய இயற்பியல். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை மேசைமேல் நிமிர்த்தி மேலிருந்து அழுத்துங்கள். கொஞ்சம் தாங்கும், ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று பக்கவாட்டில் வளையும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் கணக்கிட்ட அதே வளைவு. விசையின் கீழுள்ள சுருள்வில் அவ்வாறு வளையும்போது அடியிலுள்ள சிறு தகடு சாய்கிறது, மின்தேக்குத்திறன் மாறுகிறது, அதைச் சுற்று உணர்கிறது. ஓசையும் விரலுக்குத் தெரியும் அந்த 'டக்'கும் எழுத்துப் பதிந்த அதே நொடியில் கிடைக்கின்றன. இன்றைய மலிவுப் பலகைகளின் ரப்பர்க் குமிழில் இந்த நேர்மை இல்லை.

எண்ணை மட்டும் அனுப்பும் அந்த முடிவும் நமக்கு நல்லதாயிற்று. 1999இல் சென்னை மாநாட்டையொட்டி உருவான 'தமிழ் 99' அமைப்பில் ஆங்கில 'ஏ' இருக்கும் இடத்தில் அகரம். 'எச்' இடத்தில் ககரம். உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். இதற்காகப் பலகையில் ஒரு கம்பியையும் மாற்ற வேண்டியதில்லை. தமிழ் என்ற சொல்லையே கேட்டிராத 1984ஆம் ஆண்டுப் பலகையிலும் இன்று தமிழ் அடிக்கலாம். எண்ணுக்கு எழுத்தைப் பொருத்துவது கணிப்பொறியின் வேலை. ஆனால் இன்றைய யு.எஸ்.பி. வாயிலில் பழைய பலகையை இணைக்க வெறும் கம்பி மாற்றி போதாது; பழைய எண்களைக் கேட்டுப் புதிய முறையில் சொல்லும் சில்லுள்ள மாற்றி வேண்டும். வெறும் மாற்றியை வாங்கி ஏமாறாதீர்கள்.

இனி என் இரண்டாவது குறை, இது மனிதர்கள்மேல். இத்தகைய பலகைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். சேர்ப்பது குற்றமன்று. ஆனால் பலகையை மட்டும் பிடுங்கிச் சென்று, பொறியை ஊமையாக விட்டுப் போகிறார்கள். பெரியவரிடமும் ஒருவர் வந்தார். பலகைக்கு நல்ல விலை சொன்னார். பெட்டி வேண்டாம் என்றார். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கொடுத்துடலாமா தம்பி?" என்றார் பெரியவர். விலை, அவருடைய ஒரு மாத வருமானத்துக்குக் குறைந்ததல்ல. "டிசைன் எல்லாம் காகிதத்துக்கு வந்த பிறகு கொடுங்கள் ஐயா" என்றேன். இப்போது மாலைதோறும் அவர் பேத்தி அம்புக்குறி விசையை ஒவ்வொன்றாகத் தட்டித் திரையிலுள்ள கட்டங்களை வரிசை வரிசையாகப் படிக்கிறாள். அவர் வரைதாளில் நிரப்புகிறார். நாற்பது பார்டர்கள் முடிந்திருக்கின்றன. வாங்க வந்தவர் இன்னும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.