ட்ரிப் சுவிச்

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள். அந்தப் புகைபோக்கியைக் கற்பிட்டி வீதியில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்குப் பிடித்ததோ வீட்டுச் சுவரிலுள்ள கையளவு ட்ரிப் சுவிச்.

230 வோல்ட் லைவ் கம்பியும் நியூட்ரலும் அதற்குள் ஒரு சின்னக் காந்த வளையத்தினூடே போகின்றன. போன மின்னோட்டம் முழுதாகத் திரும்பினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். வளையம் சும்மா இருக்கும். வெங்காயத் தோட்டத்தில் ஈரக் கையோடு யாரோ பழுதான தண்ணீர் மோட்டரைத் தொடுகிறார் என்று வையுங்கள். 30 மில்லியம்பியர் உடல்வழியே மண்ணில் இறங்கினாலே கணக்கு உதைக்கும். டக்! ஓர் இதயத் துடிப்பு முடிவதற்குள் மின்சாரம் நின்றுவிடும். எவ்வளவு அழகான யோசனை! பல அம்பியர் ஓடினால்தான் உருகும் பியூஸுக்கு இந்தக் கசிவு தெரியவே தெரியாது.

ஒரு கை லைவிலும் மறுகை நியூட்ரலிலும் பட்டால் மட்டும் இதனால் காப்பாற்ற முடியாது. போனது அப்படியே திரும்பிவிடுகிறதே.

எங்கள் உப்புக்காற்றுக்குத் திருகாணிகூடத் தப்பாது. ட்ரிப் சுவிச்சும் துருவேறிச் சிக்கிக்கொள்ளலாம். ஆகவே அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அது வேண்டுமென்றே சிறு கசிவை உண்டாக்கும். அழுத்தியும் சுவிச் விழாவிட்டால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.