ஒரு சொல்லும் கூடுதலாக இல்லை

கல்வராயன் மலையைப் பற்றிய முக்கியமான நூல்களில் ஒன்றை நம் இலக்கியப் பட்டியல் எதிலும் நான் பார்த்ததில்லை. இயேசு சபைத் துறவி கே. எம். மாத்யூ (1930–2004) திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலிருந்து 1980களில் வெளியிட்ட 'தி ஃபுளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாட்டிக்' தொகுதிகளைச் சொல்கிறேன். கர்நாட்டிக் என்றதும் பக்கத்து மாநிலம் என்று நினைத்துவிட வேண்டாம். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எல்லாம் அடங்கிய நம்மூர் நிலப்பரப்புதான் அது.

அவருக்கு முன்னால் காம்பிள் தொடங்கி, அவர் இறந்தபின் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் (1915–1936) இருந்தது. ஒரு மாகாணத்தையே அளந்த நூல் அது. மாத்யூ பரப்பைச் சுருக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போனார். ஒரு செடி இங்கே இருக்கிறது என்று எழுதினால், அதை நிரூபிக்கும் உலர்ந்த மாதிரி எண் போட்டு ஹெர்பேரியத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம். "நான் சொல்றேன், நம்பு" என்பதற்கு இங்கே இடமே கிடையாது.

நான் மென்பொருள் எழுதுகிறவன். இந்த நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியவை செடியை அடையாளம் காணும் திறவுகோல்கள். இலை எதிரெதிராகவா, மாறி மாறியா? ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த கேள்வி. தப்பான கேள்வி ஒன்று நுழைந்தால் போதும், வாசகர் வேறொரு குடும்பத்தில் போய் நிற்பார். அப்படி வடிகட்டிய மொழியில் அலங்காரத்துக்கு என்ன வேலை? படங்களும் கோட்டோவியங்கள்தான். வறுமையை வாக்குறுதியாக ஏற்ற துறவியின் சிக்கனம் உரைநடையாகவே மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. எந்தச் சரிவில் எப்போது என்ன பூக்கும் என்பது மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தெரியும். கடுக்காய் பொறுக்கிப் பிழைத்தவர்களின் அறிவு அது. லத்தீன் பெயர், பூவின் அளவு, சேகரிப்பு எண் என்று ஓடும் வடிவத்தில் அந்த அறிவு உட்கார நாற்காலி இல்லை. இது மாத்யூ ஒருவரின் குறையல்ல, தாவர நூல் என்ற வடிவத்தின் குறை. அதைச் சொல்லாமல் பாராட்டினால் பாராட்டு பாதிதான்.

வீரமாமுனிவரின் சதுரகராதியை (1732) நாம் தமிழின் சொத்தாகக் கொண்டாடுகிறோம். சரிதான். மாத்யூ செய்ததும் அகராதி வேலைதான், சொற்களுக்குப் பதில் செடிகள். ஆங்கிலத்தில் எழுதினார் என்பதற்காக அவரைத் தாவரவியல் துறையின் அலமாரியில் பூட்டிவைப்பது நமக்குத்தான் நஷ்டம்.

இன்று கல்வராயனில் மரவள்ளி நட்ட சரிவுகள் நிறைய. அங்கே முன்பு என்ன வளர்ந்தது என்று கேட்டால், ஊர்ப் பெரியவர்களின் நினைவுக்கு அடுத்தபடியாக நம்பக்கூடிய சாட்சிகளில் இந்தத் தொகுதிகளும் உலர்ந்த மாதிரிகளும் உண்டு. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையில் எடுத்துப் போகும்படி, மலை மக்கள் சொல்லும் பெயர்களோடு, இந்தத் திறவுகோல்களைத் தமிழில் கொண்டுவர வேண்டும். மாத்யூவுக்கு நாம் எடுக்கும் எந்த நினைவு விழாவைவிடவும் அது உருப்படியான காரியம்.