சொந்த சர்வரில் வேர்ட்பிரஸ்

வளர்ச்சி நின்றுபோன பி2 என்னும் மென்பொருளை ஆதாரமாகக் கொண்டு மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே மாதத்தில் வெளியிட்ட வேர்ட்பிரஸை, நமக்கே உரிய சர்வரில் நம் கையாலேயே நிறுவுவதில் ஒரு தனி ஆனந்தம் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் வெறுமையான தரவுத்தளம் ஒன்றைச் சிருஷ்டித்து, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் கான்ஃபிக் கோப்பில் பிழையின்றி எழுதி, பிரவுசரில் முகவரியைத் திறந்து, தளத்துக்கு ஒரு பெயர் சூட்டிப் பொத்தானை அழுத்திய மாத்திரத்தில், சூனியமாயிருந்த அவ்விடத்தில் பதிவுகளுக்கும் பயனர்களுக்கும் வேண்டிய அட்டவணைகள் யாவும் தாமே எழுந்து நிற்கின்றன. எத்துணை முறை கண்டாலும் அலுக்காத காட்சி அது! மூல நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்று ஜிபிஎல் உரிமம் அளிக்கும் சுதந்திரத்தையோ அதனினும் மேலாக மதிக்கிறேன். காப்புப்பிரதி எடுப்பதை மட்டும், அன்பர்களே, நாளைக்கென்று ஒத்திவைக்காதீர்கள்.