பாயிரமா, பல்லக்கா?

புதிய நூல் ஒன்று வெளிவந்தது என்ற செய்தியை நாம் ஏடுகளில் படிக்கின்றோம். தலைமை தாங்கியவர் யார், முன்னிலை வகித்தவர் யார், முதற்படியைப் பெற்றவர் யார், பொன்னாடை போர்த்தியவர் யார், அத்தனையும் அதில் உண்டு. நூல் என்ன சொல்கிறது என்பது மட்டும் இல்லை! பந்தலையும் மேளத்தையும் வருணித்துவிட்டு மணமக்கள் பெயரை மறந்த திருமண அழைப்பிதழ் போலன்றோ இருக்கிறது அச்செய்தி?

உற்று நோக்குங்கள், தோழர்களே! கோயில் திருவிழாவில் நாம் எதைக் கண்டித்தோமோ, அதுவே இங்கு வேறு உடை உடுத்தி நிற்கிறது. அங்கே முதல் மரியாதை; இங்கே முதற்படி. அங்கே பரிவட்டம், இங்கே பொன்னாடை. அங்கே அர்ச்சனை, இங்கே பாராட்டுரை. தேங்காய் உடைத்தவன் கடவுளைக் கேள்வி கேட்பதில்லை. மாலை சூட்டியவன் நூலைக் கேள்வி கேட்பதில்லை.

விளம்பரமே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்று பெருந்திருவிழாவாக வளர்ந்துள்ளது. அத்துணை நூல்களுக்கிடையே எது எதைப் பற்றியது என்று சொல்வார் வேண்டும். ஆனால், சொல்ல வேண்டியது எது?

இதற்குப் பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் விடை தந்திருக்கிறார். நூலுக்குப் பிறர் தரும் சிறப்புப் பாயிரம், ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அமைப்பு, பேசும் பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் உணர்த்த வேண்டும் என்றார். எட்டில் ஒன்றேனும் வெறும் புகழ்ச்சியா? இல்லை. எட்டும் செய்தி! தன்னைத் தானே புகழ்தல் பொதுவாகத் தகாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

எனினும், பழமை என்பதற்காகவே அதை நாம் தலைமேல் தூக்கிக்கொள்ள மாட்டோம். அப்பாயிரம் பாடத் தகுதியுடையவர் யார்? ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், தகுந்த உரைகாரர். எல்லோரும் உள்வட்டத்தார்! அயலான் ஒருவன், அந்நூலை உழைத்த காசில் வாங்கிப் படித்த ஒருவன், அங்கே இடம்பெறவில்லை. அவனுக்கு இடம் தருவதே பகுத்தறிவு ஏட்டின் கடமை.

இதில் நட்டப்படுபவர் யார்? மண்டபம் பிடிக்க வசதியற்ற சிற்றூர் ஆசிரியர். தம் குடும்பத்தில் முதன்முதலாக எழுதுகோல் பிடித்த பெண். அவர்களின் நூல் நல்ல நூலாக இருந்தும் செய்தியாவதில்லை. விழா இல்லையேல் செய்தி இல்லை. செய்தி இல்லையேல் வாசகர் இல்லை. பிறப்பால் மறுக்கப்பட்ட எழுத்தைப் போராடிப் பெற்றோம். அதைப் பணத்தால் மறுக்க விடலாமா?

பகத்சிங் 1930-இல் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையைத் தோழர் ஜீவா தமிழாக்கினார். அதற்காக அன்றைய அரசு அவரைக் கைது செய்தது. ‘ஆரிய மாயை’ எழுதியதற்காக 1950-இல் அறிஞர் அண்ணா சிறை புகுந்தார். அந்நூல்களைப் பரப்பியது பொன்னாடையா? இல்லை. படிப்பகங்களில் ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்டு, பதினோராமவர் எதிர்த்து வாதிட்டார்களே, அந்த வாதமே பரப்பிற்று.

நம் மேடைகள் மட்டும் தூய்மையானவையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம்: நம் தோழர் எழுதிய நூலென்றால் படிக்காமலே பாராட்டும் பழக்கம் நம்மிடமும் புகுந்துவிட்டது. சொன்னவர் யார் என்று பாராது சொல்லில் உண்மை உண்டா என்று பார்ப்பதே அறிவு என்ற வள்ளுவத்தை ஊருக்கு உரைக்கும் நாம், அதை நம் நூல்களிடமே முதலில் காட்ட வேண்டும்.

ஆகவே இளைஞர்களே, உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் திங்களுக்கு ஒரு புதிய நூலை எடுங்கள். பொருள் என்ன, பயன் என்ன, பிழை என்ன, விலை என்ன என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுதியவர் நண்பரானால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்நூலாசிரியரை அழையுங்கள், மாலை வேண்டாம், ஐந்து கேள்விகள் போதும்.

நூலுக்குப் பல்லக்கு வேண்டாம். படிப்பவர் வேண்டும், படித்தபின் கேட்பவர் வேண்டும்!