எல்லையற்றவரைக் கற்பிக்கும் பாடம்: ஒரு திறனாய்வு

இறைவனின் எல்லையற்ற தன்மையைச் சிறுவருக்குக் கற்பிக்க முற்படும் ஞாயிறு பள்ளி ஆசிரியர் பலர் ஒரு கதையை நாடுகின்றனர். கடற்கரையில் உலவிய அகுஸ்தீன், கடல் முழுவதையும் சிப்பியால் மொண்டு மணற்குழி ஒன்றினுள் ஊற்ற முயன்ற சிறுவனைக் கண்டார். இறைவனை அறிவுக்குள் அடக்க முயல்வதும் இத்தகையதே என்று அவனால் உணர்த்தப்பெற்றார் என்பது கதை. இது அகுஸ்தீனுடைய நூல்களில் காணப்படுவதன்று. இடைக்காலத்தில் அவரைச் சுற்றி எழுந்த மரபுக்கதை. மனித அறிவின் சிறுமையை உணர்த்தும் ஆற்றல் இதற்கு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எல்லையின்மையைப் பற்றிய பாடத்திற்கு இது போதுமா என்பதே நம் வினா.

கதையில் கடல் பெரிது, குழி சிறிது. இரண்டும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுபவை. கடலுக்கும் கரை உண்டு. பாடம் இவ்வொப்புமையோடு நின்றுவிடின், இறைவன் மிகப் பெரியதொரு பொருள், ஆதலின் மிகத் தொலைவில் உள்ளவர் என்னும் எண்ணமே பிள்ளையின் உள்ளத்தில் தங்கும். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரியார் வேறொரு வழியைக் காட்டினார். நன்மைக்கு எல்லை வகுக்கக்கூடியது அதற்கு எதிரான தீமையே; இறைவனிடத்தில் தீமைக்கு இடமில்லை; ஆகவே அவருடைய நன்மைக்கு எல்லையில்லை என்பது அவர் வாதம். 1647ஆம் ஆண்டில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையும் எல்லையின்மையைத் தனித்து நிறுத்தாமல், இறைவனுடைய ஞானம், வல்லமை, பரிசுத்தம், நீதி, நன்மை, உண்மை ஆகியவற்றோடு பிணைத்தே கூறுகிறது. எனவே எல்லையின்மை இறைவனின் பருமனைக் குறிப்பதன்று. அவருடைய நன்மையும் நீதியும் எவ்விடத்தும் நின்றுபோவதில்லை என்பதைக் குறிப்பது.

திருமறையும் இதற்குச் சான்று பகர்கிறது. 1 இராஜாக்கள் 8:27இல், வானங்களும் கொள்ளாதவரைத் தான் கட்டிய ஆலயம் எவ்வாறு கொள்ளும் என்று சாலொமோன் வினவுகிறான். பாடநூல்கள் பொதுவாக இவ்வசனத்தோடு நின்றுவிடுகின்றன. மன்றாட்டு அங்கே நிற்கவில்லை. 41 முதல் 43 வரையுள்ள வசனங்களில், இஸ்ரவேலைச் சேராத அந்நியன் தூரதேசத்திலிருந்து வந்து வேண்டினாலும் கேட்டருள வேண்டுமென்று அதே அரசன் அதே மன்றாட்டில் கேட்கிறான். ஆலயத்திற்குள் அடங்காதவர் ஓர் இனத்திற்குள்ளும் அடங்கார் என்பதே இதன் உட்பொருள். 139ஆம் சங்கீதத்திலோ எல்லையின்மை தொலைவாக அன்று, தப்பமுடியாத அண்மையாகவே வெளிப்படுகிறது. எரேமியா 23ஆம் அதிகாரத்தில் அது பொய்த் தீர்க்கதரிசிகள் மீது தீர்ப்பாக விழுகிறது. ஸ்தேவானும் இறைவன் கைவேலையான ஆலயங்களில் அடங்குவதில்லை என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் உரைத்தார். அவ்வுரையின் முடிவில் கல்லெறிந்து கொல்லப்பட்டார். கேட்போரை அசைக்காத அமைதியான உண்மையாக இக்கோட்பாட்டை நாம் கற்பிப்போமாயின், திருமறை கற்பிப்பதை நாம் கற்பிக்கவில்லை.

நம் தமிழ்த் திருச்சபையின் வரலாறும் இதனை எண்ணிப்பார்க்கச் செய்கிறது. ஒரே ஆலயத்தில் சாதிவாரியாக இருக்கைகளைப் பிரித்தும், திருவிருந்தில் முன்னவர் பின்னவர் என வரிசை வகுத்தும் வந்த வழக்கத்தை ஒழிக்குமாறு, கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833ஆம் ஆண்டில் கட்டளையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதற்கு உடன்படாது விலகினர். விலகியவர்கள் இறைவன் எல்லையற்றவர் என்பதை மறுத்தவர்கள் அல்லர். அவ்வறிக்கையும் அந்த இருக்கை வரிசையும் அவர்களுக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றவில்லை. அதுவே நம்மை அச்சுறுத்துவது. தனியிருக்கை மறைந்த இடங்களிலும், திருமண ஏற்பாடுகளிலும் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களிலும் அவ்வெல்லை இன்றும் நிற்கிறது.

இவற்றையெல்லாம் சிறுவருக்குக் கற்பிப்பது கடினமன்றோ எனச் சிலர் வினவலாம். எல்லையின்மை என்னும் கருத்துத்தான் கடினமானது. எல்லை இன்னதென்பதைச் சிறுவர் நன்கறிவர். எவரோடு விளையாடலாம், எவர் வீட்டில் உண்ணலாகாது என்பவற்றைப் பாடநூலின்றியே அவர்கள் கற்றுவிடுகின்றனர். ஆகவே ஆசிரியர் கடலிலிருந்தோ விண்மீன்களிலிருந்தோ தொடங்க வேண்டுவதில்லை. பிள்ளைகள் அறிந்த எல்லைகளை அவர்களே சொல்லுமாறு கேட்கட்டும். பின்னர் சாலொமோனின் மன்றாட்டை 27ஆம் வசனத்தில் நிறுத்தாது 43ஆம் வசனம்வரை வாசிக்கட்டும். அவ்வெல்லைகளுள் இறைவன் இட்டவை எவை, மனிதர் இட்டவை எவை என்று வினவட்டும். விடையை ஆசிரியர் விரைந்து கூறிவிடலாகாது.

இத்தகைய பாடம் பெற்றோரிடமிருந்தும் சபை மூப்பரிடமிருந்தும் எதிர்ப்பைக் கொணரலாம். அவ்வெதிர்ப்பைத் தாங்கும் ஆயத்தத்தையும் ஆசிரியர் பயிற்சியின் ஒரு பகுதியாக்குவது நம் இறையியற் கல்லூரிகளின் கடமையாகும்.